ஆரஞ்சுக் குடை யாருக்குச் சொந்தம்?

“அடிக்கலங்க! எத்தன தடவ சொல்றது? லயத்துல ஒரு போன் அடிக்கல!”

“நாங்க அனுப்பினோம் தம்பி. அனுப்பினது மட்டுமில்ல. உங்க தோட்டத்து போனுக்கெல்லாம் போய்ச் சேந்துச்சுன்னு பதிலும் வந்துச்சு.”

“பதிலா? யாரு போட்டா பதிலு? எங்கம்மா மண்ணுக்குள்ள இருந்து போட்டாங்களா?”

என் தையல் மெஷின் தானாக நின்றது. சரி, நான்தான் நிறுத்தினேன். என் கடைக்கும் பெற்றீசியா மிஸ்ஸின் ஆபீசுக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்பு. ஹட்டன் டவுனில் இதைவிடத் தெளிவான ரேடியோ யார் வீட்டிலும் கிடையாது. மற்ற நாளாக இருந்தால் ருசித்துக் கேட்டிருப்பேன். அந்த மாதம் அப்படி இல்லை. மழை மலையைப் பல இடத்தில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. போயிருந்தது என்றும் சொல்ல முடியாது, வானம் இன்னும் கறுத்துக்கொண்டுதான் நின்றது. சனத்துக்கு அழுகை வரவில்லை. செத்த வீட்டில்கூட மரக்கறி விலை பேசுகிற குரலில்தான் பேசினார்கள். அதனால் சண்டைச் சத்தம் கேட்டதும், யாருக்கோ இன்னும் உயிர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பிளேன்டி ஊற்றி எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கையில் தேத்தண்ணியோடு வருகிற பொம்பளையை யாரும் வெளியே போகச் சொல்வதில்லை.

பெற்றீசியா மிஸ் முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில், எரிந்த கடை தானாக எரிந்ததா என்று பார்க்கிற வேலையில் இருந்தவர். இப்போது காணாமல் போன மாட்டிலிருந்து காணாமல் போன புருஷன் வரை தேடிக் கொடுக்கிறார். மாடுதான் அதிகம் கிடைத்திருக்கிறது. அவருக்கு உதவியாள் நிரஞ்சன். த்ரீவீல் ஓட்டுவான், ஆபீஸைத் திறப்பான், வாயை மட்டும் மூடமாட்டான்.

கத்திய பையன் கிஷாந்த். வட்டவளைக்கு மேலே ஆடன்வெல் தோட்டத்துக்காரன். ஹட்டனில் கம்ப்யூட்டர் திருத்துகிற கடையில் வேலை, டவுனிலேயே ரூம். அவன் இங்கே தூங்கிக்கொண்டிருந்த ஒரு விடியக்கருக்கலில், அங்கே லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டின் பின்பக்கம் மண் இறங்கி, அடுப்படியில் நின்ற அவன் அம்மா ராக்காயி போய்விட்டாள். தப்பு யார் மேலே என்று கண்டுபிடித்துத் தரச்சொல்லி மிஸ்ஸைப் பிடித்ததும் அவன்தான்.

எதிரே இருந்தவள் சுலக்ஷனா. “மழைக்காவல்” என்கிற போன் அப்பைக் கூட்டாளிகளோடு சேர்ந்து செய்தவள். தோட்டம் தோட்டமாக ஆட்கள் மழையை அளந்து அனுப்புவார்கள். எந்த மலை இனித் தாங்காது என்று அது பார்த்து, அந்தப் பக்கத்துப் போன்களையெல்லாம் ஒரே நேரத்தில் கத்த வைக்கும். அடையாளம் ஓர் ஆரஞ்சு நிறக் குடை. அந்தக் குடையைத் தெரியாத ஆள் ஹட்டனில் இல்லை. ஆடன்வெல்லுக்குப் பிறகு அதைத் திட்டாத ஆளும் இல்லை.

“வட்டவளையிலருந்து நோர்வூட் வரைக்கும் போன்லருந்து அழிச்சுக்கிட்டு இருக்காங்க மிஸ்,” என்றாள் சுலக்ஷனா. “என்னைத் திட்டுறாங்க, திட்டட்டும். ஆனா அடுத்த மழைக்கு இன்னொரு லயத்துக்கு நாங்க கத்தினா, கேக்குறதுக்கு ஒரு போன் இருக்காது. அதுதான்.”

இதையும் அவள் பாடம் ஒப்பிப்பதுபோலத்தான் சொன்னாள்.

மிஸ் மீன் வைத்த மாலு பணிஸைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். “அது வேல செய்யுதா இல்லையான்னு நீங்க எப்படிப் பாப்பீங்க?”

“ஒவ்வொரு பௌர்ணமி போயா லீவுக்கும் மத்தியானம் சோதனைக்கு ஒருக்கா கத்தும். என் குரல்தான். ‘மண் நகருது, எல்லாத்தையும் போட்டுட்டு வெளிய வாங்க, இது சோதனை’ன்னு.”

“அதைக் கேட்டு எங்க மாமி ஒருக்கா உலையைக் கவுத்துப்புட்டாங்க,” என்றான் நிரஞ்சன். “அன்னிக்கு உண்மையான சோதனை மாமாவுக்குத்தான்.”

யாரும் சிரிக்கவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

“கிஷாந்த், போன போயாவுக்கு உங்க லயத்துல கத்துச்சா?”

“நான் டவுன்ல கெடக்கேன் மிஸ். நான் எங்க கண்டேன்?”

இந்த இடத்தில் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. “நான் கண்டேன்,” என்றேன். “போயாவுக்கு ஆடன்வெல் பொம்பளைங்க சட்டை அளவு குடுக்க வந்திருந்தாங்க. என் போன் கத்துச்சு. அவங்க பைக்குள்ள ஒரு போனும் மூச்சு விடல. ‘என்னக்கா, உங்க போன்ல யாரோ பொம்பள சத்தம் போடுறா’ன்னு என்கிட்ட கேட்டாங்க.”

“அவங்க போன்ல குடை இருந்துச்சா நாகு?”

“இருந்துச்சே. எட்டிப் பாக்காம விடுவேனா?”

மிஸ் பணிஸைத் தட்டில் வைத்தார். பாதிப் பணிஸை அவர் கீழே வைத்தால் எங்கேயோ ஒரு நூல் அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

“ஒரே பேரு, ஒரே குடை, ஆனா ரெண்டு சாமான்,” என்றார். “ஆடன்வெல்லுல இருக்கிறது உங்க மழைக்காவல் இல்ல சுலக்ஷனா. யாரோ அதை எடுத்து வேற ஒண்ணு செஞ்சு, உங்க குடையை மாட்டி ஊருக்குள்ள விட்டிருக்காங்க.”

“ஓசியில குடுக்கிற சாமானுக்கும் டூப்ளிகேட்டா?” என்றான் நிரஞ்சன். “இந்த நாடு உருப்பட்ட மாதிரிதான்.”

கிஷாந்த் மட்டும் நான் கொடுத்த தேத்தண்ணி ஆறிப்போகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வட்டவளையில் ஒருத்திக்குச் சட்டை கொடுக்க வேண்டிய வேலை எனக்கு இருந்தது. இல்லாவிட்டாலும் இருந்திருக்கும். நிரஞ்சனின் த்ரீவீலில் பின்சீட்டில் மிஸ், சுலக்ஷனா, நான். கிஷாந்த் பைக்கில் முன்னால் போனான். ரோட்டோரம் முழுக்கச் சிவப்பு மண் குவிந்து கிடந்தது. ஓரிடத்தில் பாதி வீடு நின்றது, சுவரில் காலண்டர் அப்படியே தொங்கியது.

“எனக்கு ஒண்ணு விளங்கல பிள்ளை,” என்றேன் சுலக்ஷனாவிடம். “நீதான் எல்லாத்தையும் சும்மா குடுக்குறே. பொறகு என்னத்தக் களவெடுத்தாங்க?”

“ஓபன் சோர்ஸ்னு சொல்லுவாங்கக்கா. உள்ள எழுதினது அத்தனையும் திறந்து கெடக்கு. யாரும் எடுக்கலாம், மாத்தலாம், மத்தவங்களுக்குக் குடுக்கலாம். எங்ககிட்ட கேக்கவும் தேவையில்ல. பேரும் குடையும் மட்டும்தான் எங்களோடது. அதைப் பதிஞ்சு வச்சிருக்கோம்.”

நிரஞ்சன் முன்னாலிருந்து திரும்பினான். “அதாவது வீட்டைத் திறந்து போட்டுட்டு, பெயர்ப்பலகையைத் தொடாதேங்கிறீங்க.”

“ரோட்டைப் பாருங்கண்ணே. ஆமா, அதேதான். ஏன்னா பலகையைப் பாத்துத்தான் சனம் உள்ள வருது. உள்ள யாரு சமைக்கிறான்னு யாரும் பாக்குறதில்ல.”

அந்த நேரம் அவளுடைய போன் அடித்தது. சுமன். மழைக்காவலின் இன்னொரு மூளை, கொழும்பில் இருக்கிறான். கொழும்புக்காரர்களின் குரலுக்கு ஸ்பீக்கர் போடத் தேவையில்லை, எங்களுக்கெல்லாம் கேட்டது.

“ஆள் யாருன்னு தெரிஞ்சதும் பேரைச் சொல்லு சுலக்ஷனா. லோயர் ரெடி. லெட்டர் போடுவோம், பேஸ்புக்ல படத்தோட போடுவோம். இவன விட்டா நாளைக்குப் பத்துப் பேரு குடையைத் தூக்கிக்கிட்டு வருவான். பொறகு அது நம்மளுதுன்னு கோர்ட்டுல சொன்னா சிரிப்பாங்க.”

அவன் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மிஸ் போனுக்குப் பக்கமாகச் சாய்ந்தார்.

“தம்பி, நான் பெற்றீசியா பேசுறேன். அந்த ஆள் குடையை எடுத்தது விக்கிறதுக்கா, நனையாம இருக்கிறதுக்கா? அது தெரியாம லெட்டர் எழுதாதீங்க.”

“ரெண்டும் களவுதானே மிஸ்?”

“களவுதான். ஆனா ஒரே லெட்டர் ரெண்டுக்கும் சரிவராது.”

சுமன் ஏதோ சொல்லும்போது சிக்னல் போய்விட்டது. வட்டவளையில் நியாயம் முடிவதற்குள் சிக்னல் முடிந்துவிடும்.

“மிஸ், எனக்கு ஆள் தெரியும்,” என்றான் நிரஞ்சன். “ஆடன்வெல்லுல வேலை வாங்குற கண்டாக்கையா. காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல யாரு போனாவது அடிச்சா, புடுங்கிச் சாக்குல போடுற மனுஷன். சத்தம் போடாத மழைக்காவல் வேற யாருக்கு வேணும்? மழைன்னு சனம் மலைக்குப் போகாம நின்னா யாருக்கு நட்டம்?”

மோசமான யோசனை இல்லை. மிஸ்ஸும் தலையாட்டினார்.

கண்டாக்கு யேசுரட்ணத்தை ஃபெக்டரி வாசலில் பிடித்தோம். குடையில்லாமல், தலையில் ஒரு பொலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து புளித்த நாற்றம் வந்தது.

“போனுல ஓடுற அப்பையா கேக்குறீங்க?” என்றார். சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து மிஸ்ஸின் கையில் வைத்தார். ரப்பர் பேண்ட் போட்ட பட்டன் போன்.

நிரஞ்சன் எட்டிப் பார்த்தான். “மிஸ், இதுல பாம்பு விளையாட்டு மட்டும்தான் ஓடும். ஆளை விட்டுருவோம்.”

“டேய், நீ யாரு?”

“நான் சும்மா ட்ரைவர் ஐயா.”

சுலக்ஷனா நடந்ததைச் சொன்னாள். யேசுரட்ணம் தலையிலிருந்த பொலித்தீன் பையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“இதுல விளங்காம என்ன இருக்கு? எங்க தோட்டத்து மார்க் குத்தின சாக்குல எவனாவது வேற தேயிலைத் தூளைப் போட்டு அனுப்பினா, கொழும்புல யாரைக் கேப்பான்? எங்களத்தான் கேப்பான். அந்தத் தூளு நல்ல தூளாவே இருந்தாலும் எங்க தூளு இல்லையே. அதுக்குத்தான் மார்க். பிள்ளை, நீ சாக்கைப் பூட்டி வைக்காம விட்டுட்டே.”

“நான் பூட்டுறதுக்காகச் செய்யல ஐயா.”

“தூளைப் பூட்டச் சொல்லல. மார்க்கைப் பூட்டுன்னுதான் சொல்றேன்.”

மிஸ் பேச்சை மாற்றினார். “ஃபெக்டரி ஏன் ஊமையா கெடக்கு?”

“கரண்ட் எங்க? மழை அடிச்ச முதல் ராவே போச்சு. மறுநாள் காலையிலதான் மண் இறங்குச்சு. ஜெனரேட்டர் தண்ணிக்குள்ள நிக்கிது. அன்னையிலருந்து ஒரு மெஷின் சுத்தல, ஒரு லைட் எரியல. கொழுந்து நாறுறது மணக்கலையா?”

மிஸ் கூரையைப் பார்த்தார். அங்கே ஒரு சைரன் இருந்தது. தோட்டத்தில் அதைச் சங்கு என்பார்கள். காலையில் அது ஊதினால்தான் லயத்தில் அடுப்புப் புகையும். அதையே பார்த்துக்கொண்டு நின்றவர், “சரி, ஸ்கூலுக்குப் போவோம்,” என்று மட்டும் சொன்னார்.

லயத்தை இழந்தவர்களைத் தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்திருந்தார்கள். மேசைகளை ஓரமாகத் தள்ளி, பாயை விரித்து, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பிள்ளையும் ஓடி விளையாடவில்லை. டீவீயில் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் படம் பார்ப்பதுபோல் இருந்தது. எல்லார் போனிலும் இன்னும் குடை இருந்தது. மற்றத் தோட்டங்களில் கோபத்தில் அழித்தார்கள். இங்கே அழிப்பதற்குக்கூட யாருக்கும் கை எழும்பவில்லை.

ராக்காயியின் புருஷன் ஆண்டியப்பன் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். மண் இறங்கிய நாளிலிருந்து அவர் யாரோடும் பேசியதில்லை என்றார்கள். கேட்டால் பதில் சொல்வார், யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கிஷாந்த் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். அப்பாவுக்குப் பக்கத்தில் போகவில்லை.

மிஸ் பாயில் உட்கார்ந்தார். “ஐயா, அன்னிக்குக் காலையில என்ன நடந்துச்சுன்னு சொல்றீங்களா?”

“என்ன நடந்துச்சு? ஒண்ணும் நடக்கல. சங்கு ஊதுச்சு. எந்திரிச்சா. தேத்தண்ணி வைக்க அடுப்படிக்குப் போனா. நான் காம்பராவுல படுத்துக் கெடந்தேன். பொறகு செவரு வந்துச்சு.”

“போன் அடிக்கலையா?”

“போன் அடிக்கலம்மா. சங்குதான் ஊதுச்சு. கொஞ்சம் வேளையோட ஊதுன மாதிரி இருந்துச்சு. மழ நாளு, இருட்டிக் கெடந்துச்சு, யாரு கண்டா?”

நிரஞ்சன் எதையோ சொல்ல வாயைத் திறந்தவன் அப்படியே மூடிக்கொண்டான். அவன் வாய் மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மிஸ் எழுந்து சுலக்ஷனாவைத் தூணுக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். நானும் போனேன், எனக்கும் அந்தத் தூணில் வேலை இருந்தது.

“முதல் நாள் ராவே கரண்ட் போன ஃபெக்டரியில, மறுநாள் காலையில எது ஊதுச்சு சுலக்ஷனா?”

சுலக்ஷனா மண்டபத்துப் போன்களைத் திரும்பிப் பார்த்தாள்.

“இப்ப இந்த மண்டபத்துக்கு அனுப்புங்க. சோதனை வேணாம், உண்மையானது.”

“சனம் பயந்து ஓடுமே மிஸ்.”

“ஓடினா ரொம்ப நல்லது. அனுப்புங்க.”

எங்கள் போன்களை அமத்தச் சொல்லிவிட்டு அனுப்பினாள்.

மண்டபத்தில் இருந்த போனெல்லாம், பைக்குள்ளிருந்தும் தலையணைக்கு அடியிலிருந்தும், ஒன்றாக ஊதின. சங்கு. அதே ஃபெக்டரிச் சங்கு, தொடக்கத்தில் ஒரு இருமல், பிறகு நீட்டி ஒரு இழுப்பு. இத்தனை போனிலும் ஒன்றாக ஊதும்போது அது போனிலிருந்து வருகிற மாதிரியே இல்லை. சுவருக்கு அப்பால், மலைக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற மாதிரி இருந்தது.

ஒருவரும் ஓடவில்லை. ஒருவரும் வாசல் பக்கம்கூடத் திரும்பவில்லை.

பெண்கள் எழுந்தார்கள். ஒருத்தி பாயைச் சுருட்டினாள். ஒருத்தி தலைமயிரை அள்ளி முடிந்தாள். கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் கட்டுகிற படங்கைத் தேடி இன்னொருத்தி பையைக் கிளறினாள். இரண்டு பேர் கேத்தலைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் அடுப்புக்கு நடந்தார்கள். மலைச் சரிவு இருக்கிற பக்கம். வேலையும் இல்லை, கொழுந்தும் இல்லை, ஃபெக்டரியும் செத்துக் கிடக்கிறது, அது அவர்களுக்கே தெரியும். கால் நடந்துவிட்டது. பாதி வழியில்தான் நினைவு வந்து, கேத்தலோடு அப்படியே நின்றார்கள்.

சங்கு நின்றது.

“அடிச்சிருக்கு,” என்றார் மிஸ், யாரிடமும் இல்லாமல். “அன்னிக்கும் அடிச்சிருக்கு. எல்லாரும் கேட்டிருக்காங்க.”

வாசலில் ஒரு சத்தம். கிஷாந்த் நிலையிலேயே சறுக்கித் தரையில் உட்கார்ந்திருந்தான்.

“சத்தத்த மட்டும்தான் மிஸ் மாத்துனேன்,” என்றான்.

இதை ஒரு புதுச் செய்தி மாதிரி எங்களில் யாரும் கேட்கவில்லை. மிஸ் அவன் முன்னால் குந்தினார்.

“ஏன் தம்பி?”

“அக்காவோட குரல் வந்தா எங்க ஆளுங்க வெளம்பரம்னு நெனச்சு அமத்திட்டாங்க. சங்குன்னா எந்திரிப்பாங்க. எங்கம்மா எனக்குத் தெரிஞ்சு அந்த ஒரு சத்தத்துக்குத்தான் எந்திரிக்கும். போயாச் சோதனையை எடுத்துட்டேன், லீவு நாள்ல சங்கு ஊதினா ஏசுவாங்கன்னு. அம்மாகிட்ட சொன்னேன், போன்ல சங்கு ஊதினா வெளிய ஓடிரும்மான்னு. சரின்னுச்சு. அது எதுக்கும் சரின்னுதான் சொல்லும்.”

“பொறகு ஏன் அடிக்கலைன்னு சுலக்ஷனாகிட்ட சண்டை புடிச்சீங்க?”

“எல்லாரும் அடிக்கலைன்னுதானே சொன்னாங்க. மாத்தினதுல பிழை இருக்கும்னு ராத்திரியெல்லாம் பாத்தேன். பிழையே இல்ல மிஸ். அப்ப அக்கா அனுப்பலன்னு நெனச்சேன். சங்கு ஊதுச்சுன்னு ஒருத்தரும் எனக்குச் சொல்லல.”

யார் சொல்லுவார்? தினமும் ஊதுகிற சங்கு ஊதியதை ஒரு செய்தியாக யார் வந்து சொல்லுவார்?

“பேரையும் குடையையும் ஏன் வச்ச?” என்றாள் சுலக்ஷனா. கோபமில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

“வேற பேரு வச்சா யாரு போடுவாங்க அக்கா? குடையைத்தானே நம்புறாங்க.” அவன் நிமிர்ந்து பார்த்தான். “உங்ககிட்ட கேட்டேனே. ஹட்டன்ல கூட்டம் வச்சீங்க. எங்க தோட்டத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்கவான்னு எந்திரிச்சுக் கேட்டேன். ‘எடுங்க தம்பி, இது எல்லாருக்கும் சொந்தம்’னு சொன்னீங்க. எல்லாரும் கை தட்டினாங்க.”

சுலக்ஷனாவுக்கு ஞாபகம் வந்தது. வந்ததைப் பக்கத்தில் நின்ற நானே பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி. வடை கொடுத்தார்கள்.

போன் மறுபடி அடித்தது. சுமனுக்குச் சிக்னல் கிடைத்திருந்தது.

“ஆள் கெடைச்சாச்சு,” என்றாள் சுலக்ஷனா. “பேரு சொல்லமாட்டேன்.”

“என்ன வெளையாடுறியா? பேரு சொல்லாட்டி பழி உன் மேலயே நிக்கும்.”

“நிக்காது. ஆடன்வெல்லுல இருந்தது எங்களோடது இல்லைன்னு இன்னிக்கே போடுறேன். அசலை எப்படி அடையாளம் காணுறதுன்னும் போடுறேன். யாரு செஞ்சாங்கன்னு தெரிஞ்சு அடுத்த லயத்துக்காரனுக்கு என்ன ஆகப்போகுது?”

“அப்ப குடையை விட்டுக் குடுக்கப்போறே.”

“இல்ல. இன்னிக்கே திருப்பி வாங்குறேன். சுமன், எல்லாத்தையும் எடுத்துக்கங்கன்னு சொல்லிக் கை தட்டல் வாங்குனது நான். குடையை விட்டுட்டு எடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. முதல் லெட்டர் எனக்குத்தான் போடணும். இனி எழுதி வைப்போம். யாரும் எடுக்கலாம், மாத்தலாம். வேற பேரு வைக்கணும். மழைக்காவல்லருந்து எடுத்ததுன்னு உண்மையைச் சொல்லிக்கலாம், மழைக்காவல்னு சொல்லக் கூடாது. தெரியாம செஞ்சவன்கிட்ட முதல்ல நேர்ல போய்ப் பேசுவோம். பேசியும் கேக்காதவனுக்கு, சனத்த ஏமாத்தி விக்கிறவனுக்கு, உன் லோயர்.”

“நேர்ல பேச எனக்கு வராது. நீதான் போகணும்,” என்றான் சுமன்.

“போறேன்.”

அவள் மண்டபத்தின் நடுவில் வந்து நின்றாள். இந்தப் போன்களில் இருப்பது எங்களுடையது இல்லை, அதை எடுத்துவிட்டு எங்களுடையதைப் போட வேண்டும், அது சங்கு ஊதாது, என் குரலில் பேசும், இன்னும் மழை இருக்கிறது என்றாள். யார் செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்தவனை எல்லாரும் பார்த்தாகிவிட்டது.

கிஷாந்த் எழுந்து வந்து ஒரு மேசையில் உட்கார்ந்தான். “குடுங்க, நான் போட்டுத் தாறேன்,” என்றான்.

ஒருவரும் போனைக் கொடுக்கவில்லை. திட்டவுமில்லை, முறைக்கவுமில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தார்கள். இத்தனை பேர் சும்மா இருப்பதைவிட நாலு பேர் அடித்திருக்கலாம்.

ஆண்டியப்பன் சுவரைப் பிடித்து எழுந்தார். மேசைக்கு வந்து தன் போனை நீட்டினார்.

“எனக்கு மாத்திக் குடு.”

கிஷாந்த் வாங்கினான். அவன் விரல் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. பழையதை அழித்தான், புதியதைப் போட்டான். அசல் மழைக்காவல் தொடங்குமுன் சில கேள்வி கேட்கும், ஆட்களைத் தூக்க வேண்டி வந்தால் தெரிய வேண்டும் என்று. அவன் அதையெல்லாம் வெட்டி எடுத்திருந்தவன். இப்போது கேட்க வேண்டியிருந்தது.

“வீட்டுல எத்தன பேருன்னு கேக்குதுப்பா. நடக்க ஏலாதவங்க இருக்காங்களான்னும் கேக்குது.”

ஆண்டியப்பன் யோசித்தார்.

“ரெண்டு பேருன்னு போடு,” என்றார். “ரெண்டு பேரும் நடப்போம்.”

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக எழுந்து வந்து மேசைக்கு முன்னால் நின்றார்கள். மிஸ் வெளியே போய் த்ரீவீலில் ஏறிக்கொண்டார். கிஷாந்த் கேட்ட வேலை முடிந்தது, அவனுக்கு எழுதிக் கொடுக்க ஒன்றுமில்லை என்றார். நிரஞ்சன் ஹட்டன் வரைக்கும் ரோட்டைப் பார்த்தே ஓட்டினான்.

அந்த வாரமே மறுபடி மழை அடித்தது. ஆடன்வெல் மேல் டிவிசன் போன்களில் சுலக்ஷனா கத்தினாள். சனம் உலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வெளியே வந்து நின்றது. மலை இறங்கவில்லை. சும்மா நனைய வைத்துவிட்டாள் என்று விடிய விடிய அவளை ஏசினார்களாம். கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஏசுகிற அளவுக்காவது சனத்துக்கு உயிர் வந்திருக்கிறதே.

மற்றக் கதையும் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்காவிட்டாலும். சுமன் தயாராக வைத்திருந்தானே ஒரு லோயர், அந்த லோயரைத்தான் சுலக்ஷனா கட்டிக்கொண்டாள். நுவரெலியாவில் இருக்கிறார்கள். அவர் இதுவரைக்கும் குடைக்காக எழுதியது ஒரே ஒரு லெட்டர், அதுவும் போன் கடை போட்டு மழைக்காவலை விற்ற ஒருவனுக்கு. கண்டாக்கு யேசுரட்ணம் பென்ஷன் எடுத்துக்கொண்டு நீர்கொழும்பில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நிரஞ்சனுக்கு இரண்டு இடத்தில் பெண் பார்த்தோம், இரண்டு இடத்திலும் அவன் பேசிவிட்டான்.

கிஷாந்த் ஹட்டனை விட்டுப் பொல்பிட்டிய பக்கம் போனான். அங்கே பிரியந்தி என்று ஒரு சிங்களப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு, அப்பாவையும் கூட்டிப்போய் வைத்திருக்கிறான். மருமகளுக்குத் தமிழ் வராது. ஆண்டியப்பனுக்குச் சிங்களம் நன்றாக வரும், ஆனால் அவர் எந்தப் பாஷையிலும் பேசுவதில்லை. மாமனாரும் மருமகளும் ரொம்ப ஒற்றுமை என்று கேள்வி.